மாமரத்தில் செயின் புளொக் கட்டுவதற்கு முன்

வாசகர் கேள்வி:

ஐயா, எங்களிடம் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. 948 சிசி. அப்பாவின் கார். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பா காலமான பிறகு நாலு வருசம் கொட்டிலில் நின்றதை இப்போது நானும் மச்சானும் தெருவில் இறக்கியிருக்கிறோம். மணிக்கு 65 கிலோமீற்றருக்கு மேல் எழும்புதில்லை. போன மாதம் வவுனியாவுக்குப் போகேக்கை மாங்குளத்தில் கொதித்து நின்றுவிட்டது. தை மாதம் குடும்பத்தோடு நுவரெலியா போக ஆசை. லைற் ஏஸ் வான் ஒன்றில் கழற்றிய ரொயோட்டா 5கே எஞ்சினைக் கியர் பொக்ஸுடன் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார். வீட்டு வளவிலேயே, மாமரத்தில் செயின் புளொக் கட்டி, நாங்களே மாற்றலாமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– கோண்டாவில் வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதிய 65 என்ற எண்ணிலேயே என் கண் நின்றுவிட்டது. 948 சிசி எஞ்சினுக்குப் புதிதில் 37 குதிரைவலு. இன்றைய கணக்கில் அது சின்ன எண்தான். ஆனால் அந்த 37ஐ வைத்துக்கொண்டு மைனர் 1000 நேர் தெருவில் மணிக்கு 115 கிலோமீற்றர் வரை ஓடியது. உங்கள் கார் 65இல் மூச்சு வாங்குகிறது என்றால், அப்பா வாங்கிய வலுவில் பெரும் பங்கு எங்கேயோ ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் வேறு எஞ்சின் வாங்கினால், அதே ஓட்டையில் அதன் வலுவும் ஒழுகும். 5கேக்காரருக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலம் எனக்குப் பசுமையாக நினைவிருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த வருசங்களில் பெற்றோலைச் சிறிஞ்சில் எடுத்துக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு எத்தனை ஒஸ்ரின் ஏ40களும் மைனர்களும் ஓடின! ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் அவைதான் போயின. அந்தக் கார்கள் இல்லாவிட்டால் அந்த வருசங்களை நாங்கள் எப்படிக் கடந்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. ஆனால் எஞ்சின்கள் அதற்கு விலை கொடுத்தன. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும், அங்கிருக்கும் ஒயிலையும் நீர்க்கப் பண்ணும். எரிந்த கரி பிஸ்டன் றிங்கின் காடிகளில் இறுகி, றிங் விரிய முடியாமல் ஒட்டிப் போகும். பிறகு எத்தனை வருசம் பெற்றோலில் ஓடினாலும் ஒட்டிய றிங் தானாக விடாது. போதாததற்கு நாலு வருசம் அசையாமல் வேறு நின்றிருக்கிறது.

ஆகவே முதல் வேலை அமுக்கம் பார்ப்பது. அமுக்க மானி ஒன்றை எந்தக் கராச்சிலும் இரவல் வாங்கலாம். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். நாலும் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலுக்கு மேல் நின்று, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் உங்கள் எஞ்சின் நல்ல நிலைமை, நோய் வேறிடத்தில். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். எண் துள்ளி ஏறினால் றிங் போய்விட்டது. ஏறாவிட்டால் வால்வு அமரவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகியுங்கள். மாங்குளத்தில் கொதித்த எஞ்சின் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கொதித்ததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கிணறு. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதேதான் றேடியேற்றர் குழாயிலும் சிலிண்டருக்கு வெளியே தண்ணீர் ஓடும் வழியிலும் அறுபது வருசமாகப் படிந்திருக்கும். எஞ்சினின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் பித்தளைத் திருகாணி ஒன்று உண்டு. அதைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் வராது. கம்பியால் குத்தினால் செம்மண் சேறு மாதிரி வரும். அந்தச் சேறு நாலாவது சிலிண்டரைச் சுற்றி நிற்கும் வரைக்கும் எந்த றேடியேற்றர் போட்டாலும் பின்பக்கம் வேகும். றேடியேற்றரைக் கழற்றி மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் பிரித்துக் கம்பி ஓட்டித் துப்புரவாக்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். எஞ்சினுக்குள் தோட்டக் குழாயை வைத்து, வருவது தெளியும்வரை இரு திசையிலும் அடியுங்கள். இனிமேல் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மாரியில் பிடித்த மழைத் தண்ணீர் அல்லது பற்றறிக்கு விடும் வடித்த தண்ணீர், அதோடு கூலன்ற். 5கே போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் அது இன்னும் கூடச் சூட்டைத் தரும்.

அதற்கிடையில் இன்னொரு சின்னச் சோதனை. ஐந்து கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வந்து நாலு சில்லின் நடுவையும் புறங்கையால் தொடாமல் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிறேக் விடவில்லை. நாலு வருசம் நின்ற காரில் வீல் சிலிண்டர் இறுகியிருப்பது வழமை. இருக்கிற வலுவில் கால்வாசியை அது தின்னும். பொயின்ற் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு), வால்வு இடைவெளி 12 தௌ, பிளக் 25 தௌ. இவை மூன்றையும் ஒரு பின்னேரத்தில் சரி பார்க்கலாம். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் துருப்பிடித்து நின்றுவிட்டால், சுழற்சி கூடக் கூட முன்னே வரவேண்டிய பொறி வராது. அந்தக் கார் அக்சிலரேற்றரை மிதிக்காத இளஞ்சுழற்சியில் ஒழுங்காக நிற்கும், ஆனால் 65க்கு மேல் எழும்பாது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு மூன்றாவதாகத் தோன்றிய சந்தேகம் இதுதான்.

சரி, அளந்து பார்த்தீர்கள், றிங் போய்விட்டது என்று வைப்போம். எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். அப்போது உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இருக்கிற எஞ்சினையே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், தேய்மானத்துக்கு ஏற்ப 20 அல்லது 40 தௌ துளைத்துப் புதுப் பிஸ்டன் போடுவேன். ஹெட் கழன்ற கையோடு, வெளியேற்று வால்வுகள் வந்து அமரும் இடத்துக்குக் கடினப்படுத்திய இருக்கை அடிக்கச் சொல்லுங்கள். மைனர் வந்த காலத்துப் பெற்றோலில் ஈயம் இருந்தது, அதுதான் வார்ப்பிரும்பு இருக்கையைக் காத்தது. இப்போதைய பெற்றோலில் அந்தக் காவல் இல்லை.

கொஞ்சம் கூட வலு வேண்டும் என்றால் அடுத்த வழி 1098 சிசி. 1962இல் மைனருக்கே கொம்பனி போட்ட எஞ்சின் அது, 48 குதிரைவலு. உங்கள் மவுண்டிங்கிலேயே உட்காரும். ஒரு தகடும் வெட்டத் தேவையில்லை, போனற்றைத் திறந்தாலும் அது மைனராகவே இருக்கும். ஆனால் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். 948இன் கிளச் தட்டு ஆறேகால் அங்குலம், 1098இனது ஏழேகால். அதன் கியர் பொக்ஸையும் சேர்த்து எடுங்கள். கிடைத்தால், பின் சில்லுகளைச் சுற்றும் அதன் டிபரென்சியலையும் எடுங்கள். உங்களுடையதன் பல் விகிதம் 4.55க்கு ஒன்று, அதனது 4.22க்கு ஒன்று. ஏ9 கண்டி வீதியில் 70இல் ஓடும்போது உங்கள் எஞ்சின் இப்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 தரம் சுற்றுகிறது. 4.22 போட்டால் சத்தமும் சூடும் குறையும், நீண்ட ஓட்டம் சுகமாக இருக்கும். தமிழ் ஊரென்ன சிங்கள ஊரென்ன, குடியிருப்புக்கு வெளியே காருக்குச் சட்டம் தரும் வேகம் அந்த 70தான். அதற்கு 48 குதிரைவலு தாராளம்.

மூன்றாவது வழி நீங்கள் கேட்ட 5கே. முடியாத வேலை என்று சொல்லமாட்டேன். இலங்கை முழுவதும் மைனருக்குள் டற்சன் எஞ்சினும் ரொயோட்டா எஞ்சினும் ஓடுகின்றன. மைனரின் போனற்றைத் திறந்தால் எஞ்சினின் இரண்டு பக்கமும் ஆள் இறங்கி நிற்குமளவு வெறுமை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வரைந்தபோது படுத்த நிலையில் இருக்கும் நாலு சிலிண்டர் எஞ்சினுக்காக வரைந்தார். அந்த எஞ்சின் கைவிடப்பட்டு, 1948இல் கார் வெளிவந்தபோது ஒடுக்கமான பழைய எஞ்சின் ஒன்றே உள்ளே போனது. அகலம் அப்படியே நின்றுவிட்டது. பார்க்கிறவனுக்கு ஆசை வருவதும் அந்த அகலத்தால்தான்.

ஆனால் இடைஞ்சல் அகலத்தில் இல்லை, பின்னாலும் கீழேயும் இருக்கிறது. முன் சில்லுகளைத் திருப்பும் ஸ்ரியறிங் றாக் எஞ்சினுக்குப் பின்னால் முன்சுவரோடு பிடிபட்டிருக்கிறது. பெரிய கியர் பொக்ஸின் மணி போன்ற வாய் அங்கே போய் முட்டும். வானில் ஓட்டுகிறவர் எஞ்சினுக்கு மேலே இருப்பவர். அதனால் வானின் கியர் பொக்ஸ் பெரும்பாலும் தடியைத் தூரத்திலிருந்து கம்பிகளால் இயக்கும் அமைப்பு. அதை மைனருக்குள் வைத்தால் தடி எங்கே வரும் என்று யோசியுங்கள். 5கே போடுவதானால் பழைய கொறொல்லாவின் கியர் பொக்ஸ் தேடவேண்டும். மைனரின் கிளச்சை இழுப்பது இரும்புத் தடி, அதையும் மாற்றவேண்டும். வலுவைப் பின்னுக்குக் கொண்டுபோகும் புறொப்பலர் சாப்றை வெட்டிச் சுருக்கி நிறை சமன் பார்க்கவேண்டும், கியர் பொக்ஸும் டிபரென்சியலும் ஒரே சரிவில் இல்லாவிட்டால் 60இல் இருந்து கதிரை நடுங்கும். எஞ்சின் விலை இந்த வேலையில் சின்னச் செலவு.

இதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும், நீங்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காக. ஏ9 திறந்த பிறகு கொழும்புக்கு ஓட ஆசைப்பட்ட ஒருவரின் மைனருக்கு ஐந்து கியர் பெட்டியோடு யப்பான் எஞ்சின் போட்டேன். பெட்டி நீளம், வயிறு கீழே இடித்தது. முன் ஆசனங்களுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தின் மேல் விளிம்பை இரண்டு அங்குலம் வெட்டி இடம் எடுத்தேன். அந்தச் சட்டம்தான் முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனையைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு தகடு வைத்து ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். எட்டு மாதத்தில் கார் திரும்பி வந்தது, இடப்பக்கம் சாய்ந்தபடி. ஒட்டிய இடத்தின் ஓரத்தில் சட்டம் கிழிந்திருந்தது. வேகமாக ஓடும்போது முழுதாக விட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று எண்ணி அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காசை வாங்காமல் சட்டம் முழுவதையும் புதிதாகச் செய்து கொடுத்தேன். அதன் பிறகு அந்தச் சட்டத்தில் நான் கத்தி வைத்ததில்லை.

மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. உடல்தான் சேசிஸ். எங்கள் உப்புக்காற்றில் அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனையும், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும், கதவுக்குக் கீழுள்ள பெட்டியும் உள்ளிருந்து உக்கும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். ஓசை அடங்கிப்போன இடத்தில் ஸ்குறூ டிறைவரை வைத்துக் குத்துங்கள். உள்ளே போனால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான். மைனருக்கு இது தீர்க்கமுடியாத நோய் இல்லை. இந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு நம்முடையது.

எந்த எஞ்சின் போட்டாலும் பிறேக்கும் முன் சில்லும் எஞ்சினுக்கு முன்னால் முடியவேண்டும். உங்கள் காரில் முன்னுக்கும் பின்னுக்கும் ஏழு அங்குல டிறம். 60இல் ஓடும் காரை நிறுத்த வேண்டிய சக்தியைப்போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு 80இல் வேண்டும். 1098 வந்தபோது கொம்பனியே முன் டிறம்மை எட்டு அங்குலமாக்கியது. 5கே போடுவதானால் முன்னுக்கு டிஸ்க் இல்லாமல் தெருவில் இறக்கவேண்டாம். இன்னொன்று: மைனரின் பிறேக் ஒரே சுற்று. ஒரு குழாய் கசிந்தால் நாலு சில்லிலும் பிறேக் இல்லை. மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே மறைந்திருப்பதால் கசிவு கண்ணுக்குப் படாது. நாலு வருசம் நின்ற காரில் இறப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இரும்புக் குழாய்களையும் சேர்த்து.

முன் சில்லைப் பிடிக்கும் கீழ் மரைக் கட்டைக்குக் கிறீஸ் அடித்தீர்களா? மைனரின் முன் சில்லு மரையில் சுழன்று திரும்புகிறது. கிறீஸ் காய்ந்து மரை தேய்ந்தால் சில்லு அப்படியே மடிந்து விழும். இது எல்லா மைனருக்கும் உள்ள குணம். சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றாமல் கொடிகாமம் வரைக்கும்கூடப் போகவேண்டாம். பின்னுக்கு இருக்கும் அக்சில் சாப்றும் 37 குதிரைவலுவுக்குக் கணக்கிட்டது. இரண்டு மடங்கு வலுவைக் கொடுத்துக் கிளச்சைத் திடீரென்று விட்டால் முறியும்.

மின்சாரப் பக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது. யப்பான் எஞ்சினோடு வரும், பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றர் நெகற்றிவ் உடலுக்கு என்று செய்தது. கவனிக்காமல் பூட்டினால் அந்த நொடியே அதன் டயோட்டுகள் எரியும், சில நேரம் வயரும் எரியும். 948 அல்லது 1098 போட்டு டைனமோவையே வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

கடதாசி வேலையை மறக்கவேண்டாம். உங்கள் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, கொள்ளளவும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்தவேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்னரே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) போய் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரியுங்கள். அந்த 5கே எந்த வானில் இருந்தது, அதன் பதிவு எங்கே, விற்றவரின் கையெழுத்து எங்கே என்பதற்குப் பதில் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு எஞ்சின் இலக்கம் பொருந்தாவிட்டால் வழக்கு உங்கள் தலையில்தான். பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குக் கொடுக்கவேண்டாம். சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, வாயை அடைத்து, கொட்டிலில் வையுங்கள். உங்கள் பிள்ளை ஒருநாள் அதைத் தேடும்.

இனி மாமரம். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும், அதுவும் சாய்ந்து ஆடிக்கொண்டு வெளியே வரும் பாரம். பச்சைக் கொப்பு முறிவதற்கு முன் சத்தம் போடும் என்று சிலர் நம்புகிறார்கள். உள்ளே கறையான் தின்ற கொப்பு சத்தம் போடாது. இரண்டு அங்குல ஜிஐ பைப் மூன்றை மேலே சேர்த்துப் பூட்டி முக்காலி நிறுத்துங்கள், அல்லது கராச் ஒன்றில் தள்ளு கிறேனை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். காரின் கீழ் போவதானால் ஜக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதை எங்கள் ஊரில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கல் வளையாது, ஒரேயடியாக நொறுங்கும். நல்ல வைரமான பனங்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள், இல்லாவிட்டால் இரும்புத் தாங்கி வாங்குங்கள். பற்றறியை முதலில் கழற்றுங்கள். பெற்றோலை வடித்துத் தூரத்தில் வையுங்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் வளவை விட்டுப் போகக்கூடாது.

உங்கள் தை மாதப் பயணத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை தாண்டும் வரை தெரு ஏறக்குறையச் சமதரை. மாத்தளைக்குப் பிறகுதான் ஏற்றம் தொடங்கும், றம்பொடைப் பக்கம் அது உண்மையான மலை. நல்ல நிலையில் இருக்கும் 948 அதை இரண்டாம் கியரில் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறும். எனக்குப் பயம் இறக்கத்தில்தான். நாலு பேரும் பொதியும் ஏற்றிய மைனரை டிறம் பிறேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால் பாதி வழியில் பிறேக் சூடேறி மிதி வெறுமையாகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். நெருப்பு வாசம் வந்தால் ஓரத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது. அதற்கு முன் கிளிநொச்சிக்கு ஒருதரம், அநுராதபுரத்துக்கு ஒருதரம் போய் வாருங்கள். இரண்டிலும் கொதிக்காமல் வந்தால் மலைக்குப் போகலாம்.

இந்த வாரம் அமுக்க மானியைத் தேடிப் பிடியுங்கள். ஒயில் விடாமல் அளந்த நாலு எண், குறைந்த சிலிண்டரில் ஒயில் விட்டுத் திரும்ப அளந்த எண், குறுக்குச் சட்டத்தைக் குத்திப் பார்த்தபோது கண்டது, இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். எஞ்சினை இறக்கவேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்.